மடிக்கணினி சொல்பேச்சு கேட்கவில்லையா? கட்டளை யாருடையது என்று பாருங்கள்

மாணவர்களே, மின் மேலாண்மை என்றதும் அது கணினி வந்த பிறகு வந்த பாடம் என்று நினைத்துவிடாதீர்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கு நாள் முழுவதும் மின்சாரம் கிடையாது. தோட்டத்து ஜெனரேட்டர் ஓடும் மாலை வேளையில் விளக்கு எரியும். இரவில் குறித்த நேரம் ஆனதும் அணைந்துவிடும். எண்ணெய் அளவாகவே இருந்ததால், எப்போது மின்சாரம் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இன்று உங்கள் மடிக்கணினிக்குள்ளும் அதே வேலைதான் நடக்கிறது. மின்கலனில், அதாவது பேட்டரியில், உள்ள ஆற்றல் அளவானது. திரையை எப்போது மங்கச் செய்வது, எப்போது தூங்க வைப்பது, எப்போது முழுவதுமாக நிறுத்துவது என்று ஒருவர் முடிவு செய்கிறார். இங்கே சிக்கல் என்னவென்றால், முடிவு செய்பவர் ஒருவர் அல்லர்.

லினக்ஸ் பயன்படுத்தும் மாணவர்களிடம் மூன்று புகார்களை அடிக்கடி கேட்கலாம். ஒன்று, “15 விழுக்காடு இருந்தது, திடீரென்று அணைந்துவிட்டது.” இரண்டு, “மூடி பையில் வைத்தேன், காலையில் எடுத்தால் சூடாக இருக்கிறது, மின்கலன் காலி.” மூன்று, “அமைப்பை மாற்றினேன், கணினி கேட்கவே இல்லை.” மூன்றுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் தீர்வு, “பேட்டரி போய்விட்டது, புதிது வாங்கு” என்பது. வாங்குவதற்கு முன் இந்தப் பாடத்தைப் படியுங்கள். பல வேளைகளில் பழுது மின்கலனில் இல்லை, கட்டளை போகும் வழியில் இருக்கும்.

லினக்ஸ் ஏன் நம் கைக்கு வந்தது?

1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கிய லினக்ஸை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. பாஸ் என்பது இந்தியாவின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ் தொகுப்பு.

நம் நாட்டில் 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்ட பிறகுதான், வீட்டில் ஒரு கணினி இருப்பது எவ்வளவு தேவை என்பது பலருக்கும் உறைத்தது. மறு ஆண்டு செர்டிக் திட்டம் 150,000 கருவிகளை மாணவர்களுக்கு வழங்கும் இலக்குடன் தொடங்கியது. அதன் பிறகு 14 அக்டோபர் 2025 அன்று விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஐ ஏற்க முடியாத பழைய மடிக்கணினிகளுக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை மறுவாழ்வு தருகின்றன. அண்ணன் பயன்படுத்தி அக்காவுக்கு வந்து, அக்காவிடமிருந்து உங்களுக்கு வந்த கணினியாக இருந்தால், அதன் மின்கலனும் வயதானதாகத்தான் இருக்கும். எனவே அதை அறிந்து பயன்படுத்துவது அவசியம்.

பெரட்டுக் களமும் கணினியும்

தோட்டத்தில் காலைப் பெரட்டு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அல்லது கேள்விப்பட்டிருப்பீர்கள். துரை முடிவு செய்வார். கிராணி கணக்கு வைத்திருப்பார். மண்டோர் ஆட்களை வேலைக்கு அனுப்புவார். தொழிலாளி வேலையைச் செய்வார். இடையில் ஒருவர் தவறாகக் கேட்டாலோ, இரண்டு மண்டோர்கள் ஒரே நிரைக்கு வேறு வேறு ஆணை கொடுத்தாலோ, அன்றைய வேலை குழம்பிவிடும்.

லினக்ஸிலும் கட்டளை இப்படித்தான் படிப்படியாக இறங்குகிறது.

முதல் படி, மேசைத்தளம். நீங்கள் காணும் திரை, பட்டியல், ‘செட்டிங்ஸ்’ எல்லாம் இதைச் சேர்ந்தவை. குனோம், சினமன், எக்ஸ்எஃப்சிஇ என்று இதில் பல வகை உண்டு. உங்கள் விருப்பத்தை இங்கேதான் பதிவு செய்கிறீர்கள்.

இரண்டாம் படி, யூபவர். இது கணக்கு எழுதும் கிராணி. மின்கலனில் எவ்வளவு மீதம், எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்கிட்டுச் சொல்லும்.

மூன்றாம் படி, லாகின்டி. இது மண்டோர். மூடியை மூடினால், மின்பொத்தானை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று ஆணையிடும்.

நான்காம் படி, கெர்னல். லினக்ஸின் கருப்பகுதி இதுதான். உண்மையில் வேலையைச் செய்வது இது.

ஐந்தாம் படி, கணினியின் தாய்ப்பலகையில் எழுதப்பட்டுள்ள நிலைப்பொருள். நாம் பயாஸ் என்று அழைப்பது. இது இடம் கொடுக்காததை மேலே உள்ள யாராலும் செய்ய முடியாது. இயங்குதளமும் நிலைப்பொருளும் மின்சாரத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளும் பொதுமொழியாக இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா நிறுவனங்கள் 1996 இல் ஏசிபிஐ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டன. இன்றும் அதுவே நடப்பில் உள்ளது.

‘அமைப்பை மாற்றினேன், கேட்கவில்லை’ என்றால், இந்த ஐந்து படிகளில் ஏதோ ஒன்றில் ஆணை நின்றுவிட்டது என்று பொருள். எந்தப் படி என்று கண்டுபிடிப்பதே பழுதறிதல்.

முதலில் அளந்து பாருங்கள்

எந்த அறிவியல் சோதனையும் அளவீட்டில்தான் தொடங்கும். ‘பவர் ஸ்டேட்டிஸ்டிக்ஸ்’ என்ற சிறு செயலியைத் திறந்து, இடப்பக்கத்தில் மின்கலனைத் தேர்ந்தெடுங்கள். கணினியில் அது இல்லையென்றால் மென்பொருள் மேலாளரிலிருந்து இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். அதில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. தயாரித்தபோது இருந்த கொள்ளளவு. ‘எனர்ஜி டிசைன்’ என்று இருக்கும்.
2. இப்போது முழுமையாக ஏற்றினால் கொள்ளும் அளவு. ‘எனர்ஜி வென் ஃபுல்’ என்று இருக்கும்.
3. தற்போது செலவாகும் வேகம். ‘ரேட்’ என்று இருக்கும். மின்னேற்றியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

முதல் இரண்டின் அலகு வாட்-மணி. மூன்றாவதன் அலகு வாட். ஆற்றலுக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். மின்கட்டண பில்லில் ‘தெனாகா’ என்று காண்கிறீர்களே, அது ஆற்றல். பள்ளியில் ‘குவாசா’ என்று படிப்பது திறன், அதாவது ஆற்றல் செலவாகும் வேகம்.

ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் மின்கலன் தயாரித்தபோது 48 வாட்-மணி. இப்போது முழுமையாக ஏற்றினால் 28.8 வாட்-மணி. 28.8 ஐ 48 ஆல் வகுத்தால் 0.6. அதாவது பழைய கொள்ளளவில் 60 விழுக்காடுதான் மிச்சம். திரையில் ‘100 விழுக்காடு’ என்று காட்டினாலும் அது இந்த 60 இன் நூறு. கணினி 9.6 வாட் வேகத்தில் செலவழித்தால், 28.8 ÷ 9.6 = 3 மணி நேரம் தாங்கும். திரை வெளிச்சத்தைக் குறைத்து அதே அளவை 7.2 வாட்டுக்குக் கொண்டுவந்தால் 4 மணி நேரம். புதிய மின்கலன் வாங்காமலே ஒரு மணி நேரம் கிடைத்துவிட்டது.

முதல் புகார்: 15 விழுக்காட்டில் அணைந்தது ஏன்?

இங்கே ஒரு துப்பறியும் வேலை. ‘லாக்ஸ்’ என்ற செயலியைத் திறந்து, கணினி கடைசியாக அணைந்ததற்கு முந்தைய பதிவைப் பாருங்கள். பதிவின் இறுதியில் சேவைகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்ட வரிகள் இருந்தால், யாரோ ஆணையிட்டு முறையாக அணைத்திருக்கிறார்கள். அது அமைப்பின் வேலை. பதிவு பாதியில் அறுந்து நின்றால், ஆணை எதுவும் வரவில்லை, மின்சாரமே நின்றுபோனது என்று அறியலாம்.

பாதியில் அறுந்ததற்கான விளக்கம் உங்கள் படிவம் ஐந்து இயற்பியலில் உள்ளது. ஒவ்வொரு மின்கலனுக்குள்ளும் சிறிது மின்தடை உண்டு. அதை உள்தடை என்கிறோம். மின்கலன் முதுமையடைய அந்த உள்தடை கூடுகிறது.

முனை மின்னழுத்தம் = மின்னியக்கு விசை − (மின்னோட்டம் × உள்தடை)

எடுத்துக்காட்டாக, மின்கலன் குறைந்திருக்கும்போது அதன் மின்னியக்கு விசை 10.2 வோல்ட் என்றும், 9 வோல்ட்டுக்குக் கீழே போனால் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்துவிடும் என்றும் வைத்துக்கொள்வோம். உள்தடை 0.5 ஓம். குறிப்பு எழுதும்போது 2 ஆம்பியர் ஓடினால், முனை மின்னழுத்தம் 10.2 − 1.0 = 9.2 வோல்ட். கணினி ஓடுகிறது. காணொளி வகுப்பில் சேர்ந்ததும் 3 ஆம்பியர் ஓடுகிறது. 10.2 − 1.5 = 8.7 வோல்ட். உடனே துண்டிப்பு! புதிய மின்கலனில் உள்தடை 0.1 ஓம் என்றால் அதே 3 ஆம்பியருக்கு 9.9 வோல்ட் இருந்திருக்கும்.

இதில் கிராணியின் குற்றம் எதுவும் இல்லை. பால் நிறுக்கும் தராசு தவறினால் கணக்குப் புத்தகமும் தவறத்தான் செய்யும். யூபவர் 2 விழுக்காட்டில் அணைக்கலாம் என்று காத்திருக்கிறது. வயதான மின்கலனோ 15 இலேயே விழுந்துவிடுகிறது. எச்சரிக்கைக்கு நேரமே இல்லை.

தீர்வு, எச்சரிக்கையை முன்னால் நகர்த்துவது. எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தில் ‘பவர் மேனேஜர்’ பகுதியிலேயே நெருக்கடி அளவை மாற்றலாம். உபுண்டுவின் குனோம் மேசைத்தளத்தில் அப்படி ஒரு பொத்தான் இல்லை. அங்கே ஆணை யூபவரிடம் இருக்கிறது. ‘ஈடிசி’ அடைவுக்குள் யூபவரின் அமைப்புக் கோப்பு உள்ளது. அதில் குறைவு, நெருக்கடி, நடவடிக்கை என்ற மூன்று விழுக்காடுகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அவற்றை 30, 20, 17 என்று மாற்றினால், கணினி 17 இலேயே முறையாக அணையும். மூன்று எண்களும் இறங்குவரிசையில் இருக்க வேண்டும். வரிசை தவறினால் யூபவர் உங்கள் எண்களை ஒதுக்கிவிட்டுத் தன் பழைய எண்களையே எடுத்துக்கொள்ளும். ‘மாற்றியும் கேட்கவில்லை’ என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோப்பைத் தொடுவதற்கு முன் ஒரு படி எடுத்து வையுங்கள். மாற்றிய பின் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பள்ளிக்குச் சொந்தமான கணினி என்றால் ஆசிரியரின் அனுமதி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

அதோடு, லிபர்ஆபிஸ் அமைப்பில் தானியங்கிச் சேமிப்பை 2 நிமிடத்துக்கு ஒருமுறை என்று வையுங்கள். பிற்பகல் இடிமழையில் மின்சாரம் துண்டிக்கப்படும் நாளில், உங்கள் கோர்ஸ்வொர்க்கைக் காப்பாற்றுவது அந்த 2 நிமிடம்தான்.

இரண்டாம் புகார்: பைக்குள் சூடானது ஏன்?

மூடியை மூடினால் கணினி அணைவதில்லை, தூங்குகிறது. தூக்கத்தில் மூன்று வகை உண்டு.

அரைத்தூக்கம்: திரை அணைந்திருக்கும், செயலி ஓய்ந்திருக்கும். ஆனால் பல பகுதிகளுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்.

ஆழ்தூக்கம்: நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம். மற்றவை அணைந்திருக்கும்.

உறைநிலை: நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு முழுவதுமாக அணைந்துவிடும். மின்செலவு இல்லை. ஆனால் இதற்கு வட்டில் போதுமான ‘ஸ்வாப்’ இடம் வேண்டும். உபுண்டுவில் 12.04 பதிப்பிலிருந்தே இது இயல்பாக முடக்கி வைக்கப்பட்டுள்ளது. எனவே பட்டியலில் காணவில்லையே என்று தேடி அலைய வேண்டாம்.

உங்கள் கணினி எந்தத் தூக்கம் தூங்குகிறது? கோப்பு மேலாளரில் ‘ஃபைல் சிஸ்டம்’ என்பதைத் திறந்து, ‘சிஸ்’ அடைவு, அதனுள் ‘பவர்’ அடைவு என்று செல்லுங்கள். ‘மெம்-ஸ்லீப்’ என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். மாற்ற வேண்டாம், படித்தால் போதும். ‘எஸ்2ஐடில்’ என்பது அரைத்தூக்கம், ‘டீப்’ என்பது ஆழ்தூக்கம். எது சதுர அடைப்புக்குள் இருக்கிறதோ அதுவே நடப்பில் உள்ளது. ‘டீப்’ என்ற சொல்லே கோப்பில் இல்லையென்றால், ஐந்தாம் படியான நிலைப்பொருள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சில மாடல்களில் பயாஸ் அமைப்புக்குள் சென்று இதை மாற்றலாம். மற்றவற்றில் மேசைத்தளத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பயன் இல்லை. பையில் வைப்பதற்கு முன் முழுவதுமாக அணைத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. லாகின்டியின் இயல்பு விதிப்படி, கணினியில் வேறொரு திரையோ புரொஜெக்டரோ இணைந்திருந்தால் மூடியை மூடினாலும் தூங்காது. வகுப்பில் படைப்பை முடித்துவிட்டு, கம்பியைக் கழற்றாமல் மூடியை மூடுகிறவர்கள் கவனிக்கவும். அடுத்தது மவுஸ். யூஎஸ்பி மவுஸ் அசைந்தாலே விழித்துக்கொள்ளும் கணினிகள் உண்டு. தோட்டத்து மண்சாலையில் பேருந்து குலுங்கும்போது பைக்குள் மவுஸும் குலுங்கும். அதைக் கழற்றி வையுங்கள்.

மூன்றாம் புகார்: அமைப்பு மாறவே இல்லை

முதல் ஐயம், இரண்டு மண்டோர்கள். உபுண்டுவில் ‘பவர் புரொஃபைல்ஸ்’ என்ற சேவை ஏற்கெனவே உள்ளது. அதன் வழியாகத்தான் சிக்கனம், சமநிலை போன்ற தெரிவுகள் பட்டியலில் வருகின்றன. யாரோ சொன்னார்கள் என்று ‘டிஎல்பி’ என்ற மற்றொரு மின்சேமிப்புச் சேவையையும் நிறுவினால், இரண்டும் ஒரே பொறுப்பைப் பிடித்து இழுக்கும். ஒன்று வைத்ததை மற்றது மாற்றும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தடை உத்தரவு. காணொளி ஓடும்போது திரை அணைந்துவிடக்கூடாது என்பதற்காக, உலாவி கணினியிடம் ‘இப்போது தூங்காதே’ என்று வேண்டிக்கொள்ளும். ஒரு மூலையில் காணொளி ஓடிக்கொண்டே இருந்தால், 10 நிமிடத்தில் தூங்கு என்ற உங்கள் ஆணை காத்துக்கொண்டே இருக்கும். உலாவியை மூடிவிட்டு மீண்டும் சோதியுங்கள்.

மூன்றாவது, இரட்டை அமைப்பு. மின்னேற்றி இணைந்திருக்கும்போது ஒன்று, மின்கலனில் ஓடும்போது ஒன்று எனத் தனித்தனி விதிகள் இருக்கும். ஒன்றை மாற்றிவிட்டு மற்றொன்றில் சோதித்தால் ‘கேட்கவில்லை’ என்றுதான் தோன்றும்.

மின்கலனைக் காப்பது

1991 இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயனி மின்கலனின் வழிவந்தவையே இன்று நம் கணினிகளில் உள்ளவை. இந்தத் தொழில்நுட்பத்துக்காகவே குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019 இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மின்கலனுக்கு ஆகாதவை இரண்டு: வெப்பமும், எப்போதும் 100 விழுக்காட்டில் நிற்பதும். தகரக் கூரையின் கீழ், மெத்தையின் மேல், மின்னேற்றியோடு நாள் முழுவதும் வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்துவிடும். பலகை மேல் வையுங்கள். கணினி இடம் கொடுத்தால் 80 விழுக்காட்டில் ஏற்றத்தை நிறுத்தும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். 2025 இல் வெளியான குனோம் 48 இல் இது அமைப்புப் பட்டியலிலேயே உள்ளது. இடி மின்னலின்போது மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. விசைப்பலகை மேலெழும்பினாலோ, அடிப்பாகம் உப்பினாலோ, அது அமைப்பில் வந்த பழுது அன்று. மின்கலன் வீங்கியுள்ளது. உடனே அணைத்து, மின்னேற்றியைக் கழற்றி, பெரியவர்களிடம் சொல்லுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள்.

பழுது பார்க்கும்போது ஒரு விதியை மறக்காதீர்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் அளந்து எழுதுங்கள், மாற்றிய பின் மீண்டும் அளந்து எழுதுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றிவிட்டுக் கணினி சரியானால், எது சரியாக்கியது என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இது ஆய்வுக்கூடத்தில் நீங்கள் மாறிகளைக் கட்டுப்படுத்தும் அதே முறைதான்.

செய்து பாருங்கள்

1. இரவில் தூங்கப் போகும் முன் மின்கலன் அளவைக் குறித்துவிட்டு, மின்னேற்றி இல்லாமல் மூடியை மூடுங்கள். காலையில் மீண்டும் குறியுங்கள். 28.8 வாட்-மணி மின்கலனில் 8 மணி நேரத்தில் 20 விழுக்காடு குறைந்திருந்தால், தூக்கத்தில் செலவான திறன் எவ்வளவு?

2. தயாரித்தபோது 40 வாட்-மணியாக இருந்த மின்கலன் இப்போது 30 வாட்-மணி கொள்கிறது. நலம் எத்தனை விழுக்காடு? 7.5 வாட் வேகத்தில் எத்தனை மணி நேரம் தாங்கும்?

3. யூபவர் கோப்பில் ஒருவர் 20, 25, 15 என்று எழுதினார். கணினி ஏன் 15 இல் அணையவில்லை?

விடைகள்: 1) 28.8 இல் 20 விழுக்காடு 5.76 வாட்-மணி, அதை 8 ஆல் வகுத்தால் 0.72 வாட். 2) 75 விழுக்காடு, 4 மணி நேரம். 3) எண்கள் இறங்குவரிசையில் இல்லை, எனவே யூபவர் தன் இயல்பு எண்களையே எடுத்துக்கொண்டது.